மயில் சிம்மாசனத்தில் உட்கார்ந்தவர்கள்

சீதாலெட்சுமி இறந்தபோது வீட்டில் மூன்று மயில் சிம்மாசனங்கள் இருந்தன. சவப்பெட்டி வைக்க இடம் வேண்டி அவற்றைத்தான் முதலில் வெளியே தூக்கினார்கள்.

மலேசியாவின் கிள்ளானில் எந்த வீட்டுப் பெண் வயதுக்கு வந்தாலும் அவருக்குப் போன் வரும். மேடை, பெண் உட்காரும் மயில் சிம்மாசனம், தட்டு அலங்காரம், பெண்ணின் முகத்தைப் பெரிதாகப் போட்ட பதாகை எல்லாம் அவர் பொறுப்பு. வீட்டார் ஐந்நூறு பேரை அழைத்து, உறுமி மேளம் வைத்து, நடந்தது என்ன என்பதை மட்டும் இரகசியமாகவே வைத்திருப்பார்கள்.

சீதாலெட்சுமியும் அப்படித்தான். மாதவிலக்குக்குப் பேட் வாங்கினால் பழைய நாளிதழில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைப்பார். மகள் தாமரை கேட்டால், "அது பெரியவங்க சாமான்" என்பார். ஊர்ப் பெண்களின் சடங்குக்கெல்லாம் மேடை போட்டவர், தன் மகளிடம் ஒரு வார்த்தை சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் சென்னையிலிருந்து புதுச் சிம்மாசனம் வந்து இறங்கியது. ஃபேஸ்புக்கில் போட வேண்டும். காலி நாற்காலியை யார் பார்ப்பார்கள்? பத்து வயதுத் தாமரைக்குத் தாவணி கட்டி, நெற்றிச்சுட்டி வைத்து, அதில் உட்கார வைத்துப் படம் எடுத்தார். 'புதுச் சிம்மாசனம் வாடகைக்கு' என்று கீழே எழுதினார். படத்தைப் பலர் பார்த்தார்கள். எழுத்தை யாரும் படிக்கவில்லை.

ஞாயிறு காலை ஜெஞ்சாரோமிலிருந்து தம்பி ராதாகிருஷ்ணன் லோரியில் வந்துவிட்டார். தாய்மாமன். பின்னால் சீர்த்தட்டுகள், இரண்டு உறுமிக்காரர்கள். மேளம் தெருமுனையிலேயே தொடங்கிவிட்டது.

"என்னக்கா இது? தாய்மாமன் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். எனக்கு முதல்ல சொல்ல வேணாமா? ஃபேஸ்புக்ல பார்த்தா தெரிஞ்சுக்கணும்?"

"டேய், மேளத்தை நிறுத்தச் சொல்லுடா! அது விளம்பரத்துக்கு எடுத்த படம்!"

"மறைக்காதக்கா. நாற்காலியிலயே உட்கார்ந்திருக்கா!"

பக்கத்து வீட்டுத் தங்கமணி பச்சை முட்டையும் நல்லெண்ணெயுமாக ஓடிவந்தார். "என்ன லா சீதா, எங்ககிட்டகூடச் சொல்லல. தாமரை, வாயைத் திற. இடுப்புக்கு நல்லது."

தாமரை வாயை இறுக மூடிக்கொண்டாள். பிறகு முட்டையைத் தாண்டி அம்மாவைப் பார்த்தாள். "எனக்கு என்னம்மா? ஏதாவது வியாதியா?"

மேளம் நின்றது. வாசலில் இருந்த பெரியவர்கள் அத்தனை பேருக்கும் பதில் தெரியும். ராதாகிருஷ்ணன் லோரியின் டயரைப் பார்த்தார்.

"பெரிய மனுஷி ஆயிட்டேடி" என்றார் தங்கமணி.

"அப்படின்னா?"

"அது... போகப் போகத் தெரியும்."

சீதாலெட்சுமி மகளின் கண்களைப் பார்த்தார். எத்தனையோ மேடைகளில், நெற்றிச்சுட்டியைச் சரிசெய்யக் குனிந்தபோது, மற்றப் பெண்களிடமும் இதே மிரண்ட கண்களைப் பார்த்திருக்கிறார். வெட்கம் என்று நினைத்திருந்தார்.

மகளைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். அரிசி டின்னை நகர்த்தினார். கறுப்புப் பையைக் கிழித்தார்.

"இது பேட். வயித்துக்குள்ள கர்ப்பப்பைன்னு ஒண்ணு இருக்கு. பெரிய பொண்ணானதும் மாசாமாசம் அதுலேருந்து ரத்தம் வரும். கீழ, மூத்திரம் போற இடத்துக்குப் பக்கத்துல. காயம் இல்ல, வியாதி இல்ல. எனக்கும் வருது."

"டீச்சருக்கும்?"

"டீச்சருக்கும்."

"எனக்கு வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல."

"வலிக்குமா?"

"கொஞ்சம் வலிக்கலாம். எங்கிட்ட சொல்லு. சுடுதண்ணி வெச்சு ஒத்தடம் கொடுக்கறேன்."

"முட்டை குடிக்கணுமா?"

சீதாலெட்சுமி யோசித்தார். "வேணாம்."

தாமரை கதவைத் திறந்து நேராக வாசலுக்குப் போனாள். "மாமா, எனக்கு இன்னும் ரத்தம் வரல. வந்தா உங்ககிட்டதான் முதல்ல சொல்லணுமா?"

உறுமிக்காரர் ஒருவருக்கு இருமல் வந்தது. ராதாகிருஷ்ணன் லோரிக் கதவைத் திறந்தார். "வேணாம்மா. அம்மாகிட்டயே சொல்லு." தாய்மாமன் உரிமை அத்துடன் லோரி ஏறியது. சீர்ப் பழங்களைத் தெருவே சாப்பிட்டது.

அதன்பின் மேடை கேட்டு யார் அழைத்தாலும், "பொண்ணுகிட்டச் சொல்லிட்டீங்களா?" என்றுதான் சீதாலெட்சுமி ஆரம்பிப்பார்.

"எதை?"

அவர் எதை என்று விளக்கமாகச் சொல்வார். சிலர் போனை வைத்துவிட்டு வேறு மேடைக்காரரைத் தேடிப் போனார்கள்.

இரண்டு வருடம் கழித்து, தாமரை பள்ளியிலிருந்து டீச்சரின் போனில் அழைத்தாள்.

"அம்மா, வந்துடுச்சு."

"பயமா இருக்கா?"

"இல்ல. பேக்ல பேட் இருந்துச்சு. வெச்சுக்கிட்டேன்."

"நான் வரவா?"

"வேணாம்மா. சயன்ஸ் பாடம் இருக்கு. மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, லோரி எடுத்துட்டு வந்துடுவார்."

சீதாலெட்சுமி உட்கார இடம் தேடினார். பக்கத்தில் இருந்தது மயில் சிம்மாசனம்தான். பழைய நைட்டியோடு, கையில் போனோடு, அதில் உட்கார்ந்து சிரித்தார், கொஞ்சம் அழுதார். படம் எடுக்க வீட்டில் யாரும் இல்லை.