வறுத்த அரிசியும் பனி பூட்ஸும்

என் வீட்டுக்காரர் தமிழ்வேந்தனுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், துபாயில் பனியில் வேலை என்பதோடு நிறுத்திக்கொள்வேன். மீனுக்கு ஐஸ் போடுகிற கம்பெனியா என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவேன். உள்ளதைச் சொன்னால் யாருக்குப் புரியப்போகிறது? நீங்கள் உட்கார்ந்து கேட்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

நாங்கள் கடலூர் தேவனாம்பட்டினம். அவர் என் மாமன் மகன். 2004 டிசம்பரில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவரும் அவர் அப்பா பழனிவேலும் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். வலை தளராமல் இருக்க அதைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்து வைத்துக்கொள்வது எங்கள் ஆட்களின் பழக்கம். இவர் டீ வாங்கப் போகலாம் என்று விரலிலிருந்து வலையை எடுத்துவிட்டு எழுந்தார். கடல் எழும்பி வந்தபோது ஓடினார். ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். அவர் அப்பா எழுந்தார், வலை காலைச் சுற்றி விழுந்தார், மறுபடி எழுந்தார், மறுபடி விழுந்தார். அதற்கு மேல் அவர் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

மறுவருஷம் எங்களுக்குக் கல்யாணம். கரையிலிருந்து சற்றுத் தள்ளிப் புது வீடு கிடைத்தது. தள்ளி என்றால் என்ன, பின்கதவைத் திறந்தால் கடல் தெரியும். அந்தக் கதவை நான் தாழ்ப்பாள் போட்டு, குறுக்கே அரிசி டிரம்மை நகர்த்தி வைத்துவிட்டேன். எனக்கு அந்தப் பயம் என்றால் அவருக்குக் காலில் பயம். காலில் எதுவும் இறுக்கமாக மாட்டக் கூடாது. தூக்கத்தில் போர்வை காலைச் சுற்றிக்கொண்டால் அலறி எழுந்துவிடுவார். எங்கள் வீட்டில் மார்கழியிலும் போர்வை கிடையாது. பின்னாளில் மகள் சுவாதி மூன்று வயதில் விளையாட்டாக அவர் காலில் ரிப்பனைச் சுற்றினாள். உதறினார் பாருங்கள், குழந்தை சுவரோரம் போய் விழுந்தது. பிறகு அவளை மடியில் வைத்துக்கொண்டு அவரே அழுதார்.

இப்பேர்ப்பட்ட ஆளுக்குக் கடவுள் கொடுத்த வேலையைப் பாருங்கள். குசும்பு ஜாஸ்தி அந்தக் கடவுளுக்கு. பரங்கிப்பேட்டை பாய் ஒருவர் மூலமாக 2008-இல் துபாய்க்குப் போனார். அங்கே ஒரு பெரிய கட்டடத்துக்குள் பனியால் மலை செய்து வைத்து, ஜனங்கள் பலகையில் நின்று சறுக்குகிறார்களாம். வருகிறவர்களுக்குக் கால் அளவு பார்த்து, பூட்ஸ் மாட்டி, அந்தப் பலகையில் பொருத்திவிடும் கவுன்டரில் இவருக்கு வேலை. நாள் முழுக்க ஊரார் காலைக் கட்டிப்போடுகிற வேலை! ஃபோனில் கேட்டபோது சிரித்தேன்.

லீவில் வரும்போதெல்லாம் எனக்குப் பாடம் நடக்கும். சும்மா சறுக்கிப் பார்க்கிறவர்களுக்கு மெத்தென்ற பூட்ஸ் போதும். பலகையை ஓரத்தில் சாய்த்து, பனியைக் கத்தியால் கீறுகிற மாதிரி கீறி வேகமாக வளைகிறவர்களுக்குத்தான் கெட்டி பூட்ஸ். வெளியே முழங்காலுக்குக் கீழே வரை கெட்டிப் பிளாஸ்டிக் ஓடு, அதை இறுக்கிப் பூட்ட நாலு பக்கிள். உள்ளே கழற்றி மாட்டுகிற மெத்தை உறை. அளவு பார்க்க உறையை எடுத்துவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விட வேண்டும். விரல்நுனி முன்னால் முட்டும்போது குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் நுழைந்தால் சரி. அதற்கு மேல் இருந்தால் உள்ளே குதிகால் தூக்கும். பலகை ஒரு பக்கம் திரும்பும், கால் ஒரு பக்கம் திரும்பும், கணுக்கால் போய்விடும். செருப்புக் கடையில் கேட்கிற மாதிரி கொஞ்சம் காற்றாட இருக்கட்டும் என்கிறவன்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறான் என்பார்.

அங்கே பயிற்சி கொடுக்கும் ஆஸ்திரியாக்காரர் ஒருவர், வேலை முடிந்தபின் இவர் மெத்தென்ற பூட்ஸைத் தளர மாட்டிக்கொண்டு பலகை விடுவதைப் பார்த்திருக்கிறார். கெட்டி பூட்ஸ் போட்டு ஒழுங்காக வளைத்துக் காட்டு, கவுன்டரிலிருந்து எடுத்துப் பயிற்சியாளராகப் போடச் சொல்கிறேன் என்றாராம். இவருக்குத் தலைகால் புரியவில்லை. ஊரார் காலடியில் குந்தியிருந்தது போதும் திலகா என்று அன்றைக்கு ஃபோனில் அவ்வளவு பேசினார்.

அடுத்த மாதமே கணுக்கால் பிசகிக் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தார். பாத்ரூமில் வழுக்கியது என்றார் என்னிடம். கூடத் தங்கியிருந்த சாமியார்பேட்டை அய்யனார் அண்ணன்தான் உண்மையைச் சொன்னார். ஊருக்கெல்லாம் இரண்டு விரல் பார்த்துக் கொடுக்கிற மனுஷன் தனக்கு மட்டும் பெரிய அளவு எடுத்திருக்கிறார். மேல் பக்கிளைப் போடவே இல்லை. அந்தக் கோலத்தில் மலையிலிருந்து இறங்கியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு ஃபோனிலேயே கத்தினேன். படித்துப் படித்துச் சொல்வாயே, உனக்குப் புத்தி எங்கே போனது என்று கேட்டேன்.

"ஓடணும்னா சட்டுனு கழட்டணும்ல திலகா" என்றார்.

அந்தப் பனிமலைக்குக் கடல் எங்கிருந்து வரும்? ஆனால் இதை வாயால் சொல்லித் தீர்க்க முடியுமா? தளர்த்திப் போட்டால் காலை முறித்துக்கொண்டு வருவார். இறுக்கிப் போட்டால் மூச்சு முட்டுகிறது.

2012 ஏப்ரலில் லீவுக்கு வந்தபோது பெட்டிக்குள் ஒரு ஜோடி கெட்டி பூட்ஸ் இருந்தது. ஆஸ்திரியாக்காரர் தன் பழைய ஜோடியைக் கொடுத்திருந்தார். நீளம் கச்சிதம். நானே அவரை ஓட்டுக்குள் நிற்கவைத்துக் குதிகாலுக்குப் பின்னால் விரல் விட்டுப் பார்த்தேன். ஆனால் அகலம் பற்றவில்லை. மணலில் வெறுங்காலோடு வளர்ந்த கால் முன்பக்கம் முறம் மாதிரி விரிந்திருக்குமே. அந்த ஆஸ்திரியாக்காரர் மே மாதத்தோடு வேலையை விட்டு ஊருக்கே போகிறார். அதற்குள் வளைத்துக் காட்டினால் உண்டு. இல்லாவிட்டால் காலத்துக்கும் கவுன்டர்தான்.

சிதம்பரத்தில் போலியோ கால்களுக்குப் பிளாஸ்டிக் தாங்கி செய்கிற உத்திராபதி என்பவரிடம் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு போனோம். பஸ்ஸில் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். அவர் பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதைப் போட்டுக்கொண்டு எந்தச் சந்திரனுக்குப் போகிறீர்கள் என்று கேட்டார். சுண்டுவிரல் பக்கம் சூடுகாட்டி, கட்டை வைத்துத் தள்ளி, ஓட்டைக் கொஞ்சம் விரித்துக் கொடுத்தார். உள் உறையும் சூட்டில் இளகுகிற ஜாதி. இளக்கி, காலை விட்டு, பக்கிள் போட்டு, ஆறும்வரை அசையாமல் நின்றால் காலின் அச்சைப் பிடித்துக்கொள்ளும். அங்கேயே செய்துவிடலாம் என்றார் உத்திராபதி. இவர் முகம் வெளுத்துவிட்டது. வீட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுந்துவிட்டார். உத்திராபதி ஒன்றும் வற்புறுத்தவில்லை.

"லூசா கட்டுனா எம் புள்ளைங்க வுழுந்துடும் சார். இறுக்குனாத்தான் நடக்கும்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வேலையை ஆரம்பித்தோம். அரிசியை வாணலியில் வறுத்து, இரண்டு நீள சாக்ஸில் கொட்டி முடிந்து, பூட்ஸுக்குள் திணித்து வைத்தேன். அவர் துபாயில் கற்றுக்கொண்ட வழி அது. உறை இளகியதும் சாக்ஸை உருவிவிட்டுக் காலை விட்டார். நாலு பக்கிளையும் நான்தான் போட்டேன். மேல் பக்கிள் போடும்போது என் தோளைப் பிடித்திருந்த அவர் விரல் என் சதைக்குள் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கழுத்தெல்லாம் வேர்த்து ஊற்றியது. கொஞ்ச நேரம்தான் மாமா என்றேன்.

அப்போதுதான் அலமாரியில் தம்ளர்கள் கடகடவென்று ஆடின. எனக்கு மயக்கம் வருகிறது என்று நினைத்தேன். மேலே மின்விசிறியும் ஆடியது. தெருவில் யாரோ பூமி ஆடுது என்று கத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் சுனாமி வரப்போகிறதாம், டிவியில் சொல்கிறான் என்று தெருவே ஓட ஆரம்பித்தது.

நான் அவர் காலடியில் விழுந்து பக்கிளைப் பிடித்தேன். இழுத்த இழுப்புக்கு ஒன்றுகூடத் திறக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"உடு. சுவாதி எங்க?" என்றார்.

மூலையில் நின்ற குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பூட்ஸோடு ஓடினார். மஞ்சக்குப்பம் போகிற சாலையில் டமார் டமார் என்று அந்தப் பிளாஸ்டிக் சத்தம் எனக்கு முன்னால் கேட்டுக்கொண்டே போனது. செருப்பில்லாமல் நான் பின்னால் ஓடினேன். ஆர்ட்ஸ் காலேஜைத் தாண்டிப் போய்த்தான் நின்றோம்.

சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அலை வரவில்லை. எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு அவர் குனிந்து பக்கிள்களைத் திறந்து காலை வெளியே எடுத்தார். கணைக்கால் முன்னெலும்பு இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தன. உறைக்குள் கையை விட்டுத் தடவியவர், என் கையையும் பிடித்து உள்ளே விட்டார். விரல்கள் ஐந்தும் மடங்கித் தரையைப் பிராண்டியபடியே அச்சு விழுந்து ஆறியிருந்தது. ஓட்டத்தில் அப்படியே பிடித்துக்கொண்டது.

இனி வேண்டாம், கவுன்டரே போதும் என்றார். வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் பூட்ஸைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அவர் கேட்காமலே வாணலியை அடுப்பில் வைத்து அதே அரிசியை மறுபடி வறுத்தேன். அவர் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு ஓடுறப்ப பூட்ஸ் கழண்டுச்சா மாமா?"

"இல்ல."

"கால் பிசகுச்சா?"

அவர் தலையாட்டினார், இல்லையென்று. நான் அரிசி டிரம்மை நகர்த்தினேன். துருப்பிடித்த தாழ்ப்பாளைத் தட்டித் தட்டி எடுத்துப் பின்கதவைத் திறந்தேன். ஏழு வருஷத்துக் காற்று முகத்தில் அடித்தது.

"நீ காலப் பாரு. நான் கடலப் பாத்துக்கிறேன்" என்றேன்.

அரிசிச் சூட்டில் உறை இளகியதும் அவரே நாலு பக்கிளையும் போட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது. உறை ஆறும்வரை நான் கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பின்னால் அவர் மூச்சு முதலில் சீறிச் சீறி வந்தது, அப்புறம் மெல்ல இறங்கியது. இந்தத் தடவை விரல்கள் நேராக விழுந்திருந்தன.

மே மாதம் வளைத்துக் காட்டினார். வேலை கிடைத்தது. ஆனால் தினமும் பலகையில் ஏறுவதற்கு முன்னால் எனக்கு ஒரு ஃபோன் வரும். வேறொன்றும் கேட்கமாட்டார், கடல் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்பார். நான் பின்கதவுக்குப் போய்ப் பார்த்து, சும்மாதான் கிடக்கிறது, மேல் பக்கிளைப் போடு என்பேன். டக்கென்று அது விழுகிற சத்தம் கேட்டதும் வைத்துவிடுவார். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கறுத்துக் கொந்தளிக்கும், கரை தாண்டித் தண்ணீர் ஏறும். அன்றைக்கும் அதே பதிலைத்தான் சொல்வேன். சொல்லும்போது சுவாதி என் இடுப்பில் இருப்பாள், செருப்பு என் கையில் இருக்கும்.