எதிர்க்கடை மாத்திரை

எலப்புள்ளியிலிருந்து பாலக்காட்டுக்கு வெயிலில் சைக்கிள் மிதித்து வந்ததில் எனக்கு மண்டை பிளந்தது. கடைவீதியில் எதிரெதிரே இரண்டு மருந்துக்கடைகள். முதல் கடையில் தலைவலி மாத்திரை அரையணா என்றார்கள். இன்னும் மலிவாகக் கிடைக்குமோ என்று எதிர்க்கடைக்குப் போனேன்.

அந்தக் கடைக்காரர் நெற்றியில் ஈரத்துணியை இறுக்கிக் கட்டியிருந்தார். யார் விலை கேட்டாலும் மாத்திரைப் புட்டியை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் வாய் திறந்தார். எனக்கும் தட்டினார்.

"ஓரணாங்க."

"ஏனுங்க, எதிர்க்கடையில இதே மாத்திரை அரையணாதானுங்களே?"

"அப்ப அங்கயே வாங்கிக்குங்க" என்றவர், கல்லாவிலிருந்து அரையணாவை எடுத்து என்னிடம் நீட்டினார். "அப்படியே எனக்கும் ஒண்ணு வாங்கியாந்துருங்க. காலைல இருந்து மண்டையிடி தாங்கலீங்க. நானே போனா அவன் சிரிப்பானுங்க."

"உங்க புட்டி நிறைய இருக்குதுங்களே?"

"அதுல ஒண்ணு எடுத்தா எனக்கு ஓரணா நட்டமுங்க."

முகத்தில் சிரிப்பே இல்லை. வாங்கி வந்தேன். பானைத் தண்ணீரை இரண்டு டம்ளரில் ஊற்றினார். அவர் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து இருவரும் விழுங்கினோம்.

தலைவலி அரைமணியில் விட்டுவிட்டது. அந்த மனிதர் சமர்த்தரா அசடா என்ற குழப்பம் மட்டும் இன்றுவரை விடவில்லை.