ஆயிலில் தேங்கிய தண்ணீர்

மழையை ஆயில் பெயிண்டில் வரைகிறவனுக்கு மழையைவிடப் பெரிய தொல்லை கிடையாது. ஐப்பசியில் ஆயிலைத் தொட்டு மாட்டிக்கொண்ட என் இனத்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கார்ப்பரேஷன்காரர்

அபிராமபுரத்தில் புது ஃப்ளாட் வாங்கிய ஸ்டெல்லா டீச்சர், ஹாலில் மாட்ட மழை பெய்யும் மயிலாப்பூர் தெரு ஒன்று வேண்டும் என்றார். வீடு மந்திரிக்க ஃபாதர் வருவதற்குள் படம் சுவரில் இருக்க வேண்டும். பூட்டிய கடை ஒன்றின் ஷட்டர் ஓரமாக ஸ்டாண்டை விரித்து கேன்வாஸை நிறுத்தினேன். விரித்தால் மழை நிற்கும், மடித்தால் கொட்டும். இதற்கு நடுவிலும், தேங்கிய தண்ணீரில் பஸ்ஸின் சிவப்பு விளக்கு விழுந்து நடுங்கியதை எப்படியோ பிடித்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் நான் வரைந்ததிலேயே உருப்படியான இடம் அதுதான்.

தெருவாசிகளோ, என்னைத் தண்ணீர் அளக்க வந்தவன் என்று முடிவு கட்டி, சாக்கடை அடைப்பைப் பற்றிப் புகார் சொன்னார்கள். படம்தான் வரைகிறேன் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. கடைசியில் ஓர் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "தண்ணி கம்மியா கீது சார். இடுப்பு வரிக்கும் போடு, அப்பதான் எவனாவது வந்து பாப்பான்."

ஒரே ஒரு ஃபேன்

தேனாம்பேட்டையில் எங்கள் வீட்டு ஹாலில் இருப்பது ஒரே ஃபேன். அதன் கீழே நின்று காயும் உரிமைக்காகப் படமும் துவைத்த துணிகளும் வாரக்கணக்கில் அடித்துக்கொண்டன. படத்தை நகர்த்திவிட்டு என் மனைவி கொடி கட்டுவாள். அவள் ஆபீஸ் போனதும் நான் அவிழ்ப்பேன். ஒருநாள் துண்டிலிருந்து உதிர்ந்த நூலெல்லாம் படத்தின் வானத்தில் ஒட்டிக்கொள்ள, ஊசியால் பிடுங்கியபடியே கத்தினேன். அவள் ஈரச் சுடிதாரை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்: "உங்க மழை அடுத்த வாரம் காஞ்சா போதும். நான் நாளைக்கு ஆபீசுக்கு எதைப் போட்டுட்டுப் போறது?"

தண்ணீரை எடுங்கள்

ஒருவழியாகப் படம் காய்ந்தது. தொட்டால் விரலில் ஒட்டவில்லை. பார்க்க வந்த டீச்சர் குடைகளைப் பாராட்டினார், வாழைப்பழ வண்டியைப் பாராட்டினார். நான் உயிரைக் கொடுத்து வரைந்த தண்ணீருக்கு வந்ததும் முகம் சுருங்கிவிட்டது. தண்ணீர் இல்லாமல் என்ன மழை என்று கெஞ்சிப் பார்த்தேன். அவர் மசியவில்லை: "லோன் போட்டு வாங்கின வீடு சார். ஹால்லயே தண்ணி நின்னா, இது தண்ணி நிக்கிற ஏரியான்னு வர்றவங்க நினைக்க மாட்டாங்களா?"

தண்ணீரைப் போடுங்கள்

பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தத் தண்ணீரின் மேல் சாம்பல் நிறத்தில் தார்ச்சாலையைப் பூசி மூடினேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் பிடித்த மழை விடவேயில்லை. கரண்டும் போய்விட்டதால் ஃபேனும் இல்லை. புதுச் சாலை பூசியது பூசியபடியே ஈரமாக இருந்தது. மந்திரிப்புக்கு முதல் நாள், இதை எப்படிக் கொண்டுபோவது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது டீச்சரிடமிருந்து போன்: "எங்க வாசல்லயே முட்டி அளவு தண்ணி சார். மயிலாப்பூர்லயும் நிக்குதுன்னாவது வர்றவங்க பார்த்துட்டுப் போகட்டும், அதைத் திரும்பப் போட்டுடுங்க."

பழைய துணியை எடுத்து அந்த ஈரச் சாலையைத் துடைத்தேன். அடியில் முன்பே காய்ந்திருந்த தண்ணீர், பஸ்ஸின் சிவப்பு விளக்கோடு அப்படியே வெளியே வந்தது.

மழைக்காலத்தில் ஆயில் காயாது என்று இத்தனை நாள் நான் திட்டித் தீர்த்ததையெல்லாம், இந்த ஒரு தடவைக்கு மட்டும், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.