அன்டெனா ஏற்றியவனும் ஏணி பிடித்தவனும்

இறக்காமத்தில் வயல் பக்கமாக இருக்கும் எங்கள் பன்னிரண்டு வீடுகளுக்கு சிக்னலே கிடையாது. அதனால்தான் போன வருடம் என் வீட்டுக் கூரையில் அன்டெனா பூட்டி, எல்லோருக்கும் வைஃபை கொடுத்தேன். யானை வயலுக்குள் இறங்கினால் வாட்ஸ்அப்பில் உடனே செய்தி வரும்.

இன்று காலை பிரதேச சபை அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அன்டெனாவின் கதிர்வீச்சால் நோய் வருகிறது என்று மனு வந்திருக்கிறதாம். விசாரணை முடியும்வரை கழற்றி வைக்க வேண்டுமாம்.

"எழுதினது ஆரு சேர்?"

அதிகாரி மனுவை என் பக்கம் திருப்பினார். முதல் கையெழுத்து ரியாஸுடையது. என் கூட்டாளி. கூரைக்கு நான் ஏறிய அன்று, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன்.

நேராக அவன் வீட்டுக்குப் போனேன்.

"அதால நோய் வரும் எண்டு நீ நம்புறியா?"

"இல்ல மச்சான்."

"அப்ப என்னத்துக்குக் கையெழுத்து வெச்சாய்?"

"எங்கட மூத்த நானா பேப்பரைக் கொண்டுவந்து நீட்டினாரு. கூடப்பொறந்தவருக்கு மாட்டன் எண்டு சொல்ல ஏலாமப் போயிட்டு."

"எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"



வீட்டுக்கு வந்து, நானே ஏறி அன்டெனாவைக் கழற்றினேன். இம்முறை ஏணியை மனைவி பிடித்தாள்.

இறங்கிக் கை கழுவுவதற்குள் ரியாஸ் வாசலில் நின்றான்.

"மச்சான், மகளுக்கு நாலு மணிக்கு ஒன்லைன் கிளாஸ். நெட் எப்ப வரும்?"

அவனை வாசலிலேயே விட்டுவிட்டுக் கல்முனை பஸ் ஏறிவிட்டேன். இதைக் கல்முனையிலிருந்துதான் எழுதுகிறேன்; இங்கே சிக்னல் நன்றாகவே இருக்கிறது.

நீங்களாக இருந்தால் அவனுக்கு என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?