எமனுக்குக் கண் திறந்த கை

கிளி ஜோசியச் சீட்டுக்குப் படம் எழுதும் எத்திராஜுக்கு எமன் முகம் மட்டும் பிடிபடவே இல்லை. ஒருநாள் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில், மேஸ்திரி சின்னதுரை ஒரு கூலியாளை ஈரத்தோல் வாரால் ரத்தம் தெறிக்க விளாசுவதைப் பார்த்தான். முகம் கிடைத்துவிட்டது. எழுதினான். கண்ணைக் கடைசியில் திறப்பதுதான் வழக்கம் என்பதால் அது மட்டும் பாக்கி.

சேதி மேஸ்திரி காதுக்குப் போனது. எத்திராஜைத் தேடி வந்தான்.

"இன்னாடா, நான் எமனா?"

எத்திராஜை அந்தப் பாவி எட்டி உதைத்து, வலக்கையை வண்ணம் அரைக்கும் கல்லில் வைத்துக் குழவியால் நசுக்கினான். விரல்கள் நொறுங்கின. எத்திராஜ், தன் மேலே குனிந்த அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

மேஸ்திரி போனதும் இடக்கையால் தூரிகையை எடுத்து, கண்ணைத் திறந்தான்.

அப்புறம் சந்தையில் கிளி அந்தச் சீட்டை எடுத்தால் யாரும் எமன் என்று சொல்வதில்லை. "மேஸ்திரி வந்துட்டான்" என்பார்கள்.