மஞ்சள் போட்டுக் கழுவிய எலும்பு

அக்காவின் ஆய்வு எதைப் பற்றியது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விடை இது: லேசர் எலும்பை வெட்டும்போது, எங்கே நிற்க வேண்டும் என்பதை வெளிச்சம் சொல்ல வேண்டும். ரம்பத்தால் அறுக்கும் வைத்தியருக்கு எலும்பு முடியும் இடம் கையிலேயே தெரிந்துவிடும். லேசர் எதையும் தொடுவதில்லை. ஆகவே கைக்கு எதுவும் தெரிவதில்லை. அடியில் கிடக்கும் நரம்பை அது எரித்துவிட்டால், எரித்ததுதான். ஆனால் மெல்லிய கண்ணாடி இழை வழியாக ஊதா ஒளியைப் பாய்ச்சினால், எலும்பும் நரம்பும் கொழுப்பும் தசையும் அதை வெவ்வேறு விதமாகத் திருப்பி அனுப்பும். அந்த வேறுபாட்டை அறிந்து லேசரைத் தானே நிறுத்தும் கருவியை அக்கா உருவாக்கிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை பதுளையிலிருந்த ஆய்வுக்கூடத்துக்கு ஓர் எலும்பு வைத்தியர் வரவிருந்தார். அவர் ஏற்றுக்கொண்டால்தான் லேசரை அவள் தொடர்ந்து பயன்படுத்த முடியும். இல்லையேல் ஆய்வு அன்றோடு முடிந்துவிடும்.

ஞாயிறு காலை, லேசர் இல்லாமல் ஒளிக்கருவியை மட்டும் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் உள்ள எங்கள் லயத்து வீட்டில் சோதித்தோம். அக்கா எனக்கு முதுகைக் காட்டி மடிக்கணினியோடு அமர்ந்தாள். முந்தைய நாள் வாங்கி வைத்த ஆட்டெலும்பின் மீதோ, கறியின் மீதோ, கொழுப்பின் மீதோ நான் இழையின் நுனியை வைப்பேன். திரையில் எழும் கோட்டைப் பார்த்து அது எதுவென்று அவள் சொல்ல வேண்டும்.

"எலும்பு."

"இல்ல, கறி."

"இப்ப?" என்றேன், நுனியை நகர்த்தி.

"கொழுப்பு," என்றாள். அதுவும் தவறு.

"எல்லாம் ஒரே கோடாத்தான் வருது," என்றாள்.

கருவியைக் கழற்றித் திரும்பப் பொருத்தினாள். மறுபடியும் அதே கோடு. அப்போதுதான் அம்மா தேத்தண்ணீரோடு வந்தார்.

"காலையில இருந்து அந்த எலும்புகிட்ட என்னாடி கேட்டுக்கிட்டு இருக்கீங்க? வாயத் தொறந்திச்சா?"

கோப்பையை வாங்கக் கை நீட்டினேன். என் கையிலிருந்த இழையின் ஒளி அம்மாவின் விரல்களில் விழுந்தது.

"பாரு, திரும்பவும் அதே கோடு," என்றாள் அக்கா, திரும்பாமலே. "இப்ப என்னா வெச்ச?"

"அம்மாவோட வெரல்."

அவள் திரும்பினாள். கொழுந்து பறித்து வெடித்த விரல்களின் கோடுகள் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிர்ந்தன. எலும்பும் கறியும் காலையிலிருந்து அதே நிறத்தில்தான் ஒளிர்ந்துகொண்டிருந்தன. அதைக் கருவியின் ஒளி என்றே நாங்கள் எண்ணியிருந்தோம்.

"அம்மா, இந்த எலும்ப என்னா செஞ்சீங்க?"

"என்னா செய்வாங்க? மஞ்சத்தூள் போட்டுக் கழுவி, நல்லா அலசித்தான் பிரிட்ஜுல வெச்சேன். கவுச்சியோட வைக்க இது என்னா கறிக்கடையா?"

அக்கா சிரித்தாள். வாய்விட்டு அவள் சிரித்து நெடுநாளாகியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு ஒட்டியிருந்த மஞ்சள், மற்ற எல்லாவற்றின் ஒளியையும் மூடியிருந்தது. கருவி பொய் சொல்லவில்லை. அம்மாவின் சுத்தத்தை அது அப்படியே காட்டியிருக்கிறது.

கழுவாத எலும்பு வாங்க அம்மாவே கடைக்குப் போனார். "வெக்கக்கேடு," என்று முணுமுணுத்தபடி திரும்பி வந்தார். அன்று மாலை வரை அக்கா சொன்னவற்றில் ஒன்றும் தவறவில்லை.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் ஆய்வுக்கூடம் சென்றேன். யாழ்ப்பாணத்தவரான அந்த வைத்தியர் தம் பையிலிருந்து ஓர் ஆட்டுத் தாடையெலும்பை எடுத்து மேசையில் வைத்தார்.

"நீர் கொண்டந்தது வேண்டாம் பிள்ளை. இதிலை வெட்டிக் காட்டும். உள்ளுக்குள்ளை நரம்பு கிடக்கு."

"சேர், இத மஞ்சள் போட்டுக் கழுவினீங்களா?" என்று கேட்டாள் அக்கா.

"ஏன், கறி காய்ச்சப் போறீரோ? கடையாலை நேரை கொண்டந்தனான்."

லேசர் வெட்டத் தொடங்கியது. தலைமுடி கருகுவது போன்ற மணம் பரவியது. எலும்பில் மெல்லிய பள்ளம் இறங்கிக்கொண்டே சென்றது. பிறகு, யாரும் எதையும் தொடாமலே, லேசர் நின்றது.

வைத்தியர் உருப்பெருக்கியோடு குனிந்தார். நிமிர அவருக்கு நேரம் பிடித்தது.

"நரம்பிலை ஒரு கீறலும் இல்லை. இன்னொருக்கா வெட்டும்."

வேறோர் இடத்தில் வெட்டினாள், நின்றது. "இன்னொருக்கா," என்றார், விளையாட்டை விட மனமில்லாத பிள்ளையைப் போல. அதுவும் நின்றது. அவர் ஆய்வுக்கூடப் பொறுப்பாளரிடம் திரும்பி, "லேசரின்ரை திறப்பை இவவிட்டையே குடுத்து வையுங்கோ," என்றார்.

அன்று மாலை அந்தச் சாவியை உள்ளங்கையில் இறுக்கியபடியே அக்கா வீட்டுக்குள் நுழைந்தாள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"மிச்ச எலும்ப ஆக்கப் போறேன். இப்பயாவது மஞ்ச போடலாமா?"

"அள்ளிப் போடுங்கம்மா," என்றாள் அக்கா.