குளிகையில் கட்டிய பாக்கி

போன வருஷம் ஒரு சனிக்கிழமை, கடலூரில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் நடந்தது இது. விடிந்ததும் விடியாததுமாக நானும் என் மனைவியும் குளித்து, சாமி படத்துக்கு விளக்கேற்றி, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஏதோ நல்ல காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். கிரெடிட் கார்டு பாக்கி கட்டப் போகிறோம், அவ்வளவுதான்.

அந்தக் கடன் வந்த கதை இங்கே பல வீடுகளில் உண்டு. மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில் எல்லாம் வீணாய்ப் போனது. எல்லாவற்றையும் கார்டில் தேய்த்து வாங்கினோம். அப்புறம் மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு, வட்டி ஏறுவதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதே பிழைப்பாகிவிட்டது. நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறவன். அந்தத் தடவை போனஸ் கொஞ்சம் தாராளமாக வந்தது. கெடு தேதிவரை காத்திருக்காமல் மொத்தத்தையும் கட்டித் தலைமுழுகிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். குளிகை நேரத்தில்தான் கட்ட வேண்டுமாம். குளிகையில் எதைச் செய்தாலும் அது திரும்ப நடக்கும், அதனால் அந்த நேரத்தில் கடன் வாங்கக் கூடாது, அடைக்கலாம் என்பது அவள் கணக்கு. சனிக்கிழமை குளிகை ஆறிலிருந்து ஏழரை. எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் காலண்டர் அவள் இலாகா.

கட்டினேன். போனில் வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் பணம் போகவில்லை என்று வந்தது.

"இன்னொரு வாட்டி கட்டுங்க, நேரம் போவுது" என்று அவள் பறந்தாள். மறுபடி கட்டினேன். பச்சை டிக் விழுந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மீன் சுத்தம் பண்ணுகிற கத்தரிக்கோலை எடுத்து வந்து கார்டை நட்ட நடுவில் ஒரே வெட்டு. அவள் இரண்டு துண்டுக்கும் குங்குமப் பொட்டு வைத்து, தாளில் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். சாயந்திரம் சிதம்பரம் போகும்போது தில்லைக் காளி கோயிலில் வைத்துக் கும்பிட்டு, அங்கேயே விட்டுவிட்டு வருவது என்று வேண்டுதலாம்.

மறுநாள் சிதம்பரத்தில் என் அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. ஒரே தாய்மாமன் நான்தான். சீருக்காக அங்கே ஒரு நகைக்கடையில் ஜிமிக்கிக் கம்மல் பார்த்து முன்பணம் கொடுத்திருந்தோம். மீதிக்குச் சீட்டுப் பணம், போனஸ் வந்த அதே வங்கிக் கணக்கில் இருந்தது. இருக்கிறது என்ற நினைப்பில்தான் பஸ் ஏறினோம்.

கடையில் போனை நீட்டினால், கணக்கில் பணம் இல்லை என்கிறது. பதறிப்போய்ப் பார்த்தால், காலையில் போகாத பணமும் மதியத்துக்கு மேல் போய்ச் சேர்ந்திருக்கிறது. பாக்கியை இரண்டு தடவை கட்டியிருக்கிறேன். குளிகை தன் வேலையைக் காட்டிவிட்டது.

அந்த நேரம் பார்த்து அக்கா வீட்டுக்காரர் போன் பண்ணினார். "மச்சான், எங்க வந்துகினு இருக்கீங்க? மாமன் சீரு என்னா, என்னான்னு அவுங்க அவுங்க கேக்குறாங்க" என்றார். அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுபேச்சில்லாமல் கொடுப்பார். ஆனால் காலையில்தான் கடனிலிருந்து வெளியே வந்திருக்கிறேன். சாயந்திரமே கை நீட்டுவதா? அதுவும் அவர் பெண்ணுக்குச் செய்கிற சீருக்கு அவரிடமே? ஒரே ஒரு நாளாவது கடன் இல்லாத மனுஷனாக இருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. "வந்துட்டேன் மாமா" என்று வைத்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் முட்டியது.

மனைவி மெதுவாகச் சொன்னாள். "ஏங்க, பணம் எங்கயும் போவலியே. கார்டுலதான இருக்கு?"

"கார்டு எங்க இருக்கு?" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் கைப்பையைத் திறந்து, பொட்டு வைத்த இரண்டு துண்டுகளையும் கடைக்காரரின் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள். அவர் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னா சார், கார்டுக்குக் காரியமே பண்ணி முடிச்சிட்டீங்க போலிருக்கே" என்று சிரித்தார். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவருக்குச் சிரிப்பு ஜாஸ்தியானதே தவிர குறையவில்லை. ஆனாலும் எழுந்து போய் செல்லோ டேப் கொண்டு வந்து, குங்குமத்தைத் துடைத்துவிட்டு, இரண்டு துண்டையும் பொருத்தி ஒட்டினார். நல்ல வேளை, அந்தத் தங்க நிறச் சிப் கத்தரிக்கோலுக்குத் தப்பியிருந்தது.

முதல் தடவை மெஷின் ஏற்கவில்லை. உடனே இரண்டாவது தடவை போடப் போனவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இருங்க இருங்க, அது போவலன்னு நல்லாத் தெரியட்டும்" என்றேன். பட்டவனுக்குத்தானே தெரியும். மெஷினில் சரிபார்த்துவிட்டு மறுபடி சொருகினார். ரசீது கரகரவென்று வெளியே வந்தபோது கடையில் இருந்த எல்லோருமே சிரித்தார்கள், நானும்தான்.

காளியைக் கும்பிட்டோம். கார்டை மட்டும் அங்கே விடவில்லை. "நான் சொன்னேன்ல, குளிகையில கட்டுனா நல்லதுன்னு" என்று வழியெல்லாம் மனைவி பெருமையடித்தாள். கம்மல் பாக்கி போக, கார்டில் எங்கள் பணம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

மறுநாள் மருமகள் அந்த ஜிமிக்கியைப் போட்டுக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்துச் சிரித்தாள். எத்தனையோ பொருளை முதலில் வாங்கிவிட்டு, பின்னால் வருஷக்கணக்கில் கட்டி அழுதிருக்கிறேன்; என் வாழ்க்கையில் கார்டுக்கு முதலில் பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் வாங்கிய ஒரே பொருள் அதுதான், அதனால்தானோ என்னவோ அவள் காதில் அது ஆடும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் மனசு நிறைந்துபோகிறது.